ஆகஸ்ட் 1-க்கு முன்னால்: எங்கள் கடலோரப் பள்ளியில் பட்டுத் தெரிந்துகொண்டது

ராமநாதபுரம் தென்கடல் கரையில், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் நடுவே இருக்கிற மீனவ ஊர் எங்களுடையது. ஐந்தாம் வகுப்பு வரை உள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்று இருக்கிறது. நான் படித்ததும் அதில்தான். 2024 ஆகஸ்டில் பள்ளி மேலாண்மைக் குழுவை மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். 24 பேரில் ஒருவராக நானும் சேர்ந்தேன். சரியாக ஒரு வருஷத்தில், 2025 ஆகஸ்டில், பள்ளியில் இருந்த மூன்று ஆசிரியர்களில் ஒருவரை உபரி என்று கணக்கிட்டு வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். விதிப்படி அதில் தப்பு எதுவும் இல்லை. தப்பு எங்கள் குழு போன திசையில் இருந்தது. எதைக் கவனிக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இந்தக் கரையில் இன்னொரு ஊர்க் குழு இதே பள்ளத்தில் விழக்கூடாது என்பதற்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. அரசுப் பள்ளிகளில் ஆகஸ்ட் 1-ஆம் தேதி வருகைப் பதிவேட்டில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களோ அதை வைத்துத்தான் அந்த ஆண்டுக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவாகிறது. பணியாளர் நிர்ணயம் என்று அதற்குப் பெயர். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணைப்படி ஒன்றிலிருந்து ஐந்து வரை 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. எங்கள் பள்ளியில் ஜூன் மாதம் திறந்தபோது 63 பேர். ஆகஸ்ட் 1 அன்று 58. ஐந்து பேர் எங்கே போனார்கள் என்று பிறகுதான் வீடு வீடாகக் கேட்டேன். இரண்டு பேர் வேன் வருகிற தனியார் பள்ளிக்குப் போயிருந்தார்கள். ஒருத்தன் தொண்டிப் பக்கம் தாத்தா வீட்டுக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டான். மீதி இரண்டு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று கிளம்பித் தென்கடல் கலங்கியதும் அப்பா வல்லம் என்கிற நாட்டுப் படகை வடகடலுக்கு, அதாவது பாக் நீரிணைப் பக்கம், கொண்டுபோக, குடும்பமும் கூடவே போய்விட்டது. பிள்ளைகள் நெடுநாள் வராததால் எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளத்தில் அவர்களைக் காமன் பூல் என்கிற, எந்தப் பள்ளிக் கணக்கிலும் சேராத பொதுத் தொகுப்புக்குத் தள்ளிவிட்டார்கள். அக்டோபரில் அந்த இரண்டு பேரும் திரும்பி வந்து அதே வகுப்பில் உட்கார்ந்தார்கள். அதற்குள் ஆசிரியர் போய்விட்டார். ஆகஸ்ட் 1 கச்சான் காலத்துக்கு நடுவில் விழுகிற தேதி என்பது இந்தக் கரையில் பிறந்த எங்களுக்கே உறைக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது.

அந்த ஜூன், ஜூலை இரண்டு மாதமும் குழு என்ன செய்துகொண்டிருந்தது? நுழைவு வளைவு கட்டிக்கொண்டிருந்தது. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிற ஊர்ப் பிள்ளைகள் மனசார அனுப்பிய பணம் 1,40,000 ரூபாய். வளைவில் என்ன நிறம், கல்வெட்டில் யார் பெயர் முதலில், திறப்பு விழாவுக்கு யாரைக் கூப்பிடுவது, இதையே மூன்று கூட்டம் பேசினோம். எண்ணிக்கை குறைகிறது என்று டீச்சர் ஒருவர் ஒரு தடவை சொன்னார். "அதெல்லாம் ஆபீஸ் வேலை டீச்சர், நீங்க பாத்துக்குங்க" என்று பதில் போனது. நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். வளைவுத் தீர்மானத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது.

பணம் கொடுத்தவர்கள் மேல் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. வளைவுக்கு என்று கேட்டோம், வளைவுக்குக் கொடுத்தார்கள். கழிப்பறைக்கு என்று கேட்டிருந்தால் அதற்கும் கொடுத்திருப்பார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் பணம் அனுப்ப நினைத்தால் 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' தளம் வழியாக, எந்தப் பள்ளி, எந்தத் தேவை என்று குறித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். கையில் வாங்கிய பணத்தை ஊர்ப் பெரியவர் வைத்துக்கொண்டு செலவு செய்யும்போது கேள்வி கேட்டால் அது அவரைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடுகிறது. எங்கள் ஊரில் அதனாலேயே பாதி பேர் வாய் திறக்கவில்லை.

குழுவுக்கு உண்மையில் என்ன அதிகாரம் என்று சட்டத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது. பிரிவு 21-இல் தெளிவாக இருக்கிறது: பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது, வந்த மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது. உறுப்பினர்களில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். ஆசிரியரை நியமிக்கவோ மாற்றவோ குழுவால் முடியாது. ஆனால் ஆசிரியர் இல்லை என்று தீர்மானம் போட்டு அனுப்ப முடியும், அதற்கு மேலிடம் பதில் சொல்லியாக வேண்டிய நிலையை உண்டாக்க முடியும். அதனால் இந்த வேலையில் முக்கியமான பொருள் தீர்மானப் புத்தகம். கூட்டத்தில் எவ்வளவு சத்தம் போட்டுப் பேசினாலும் அந்தப் புத்தகத்தில் ஏறாதது பேசாததற்குச் சமம். ஆசிரியர் போன பிறகு புத்தகத்தைப் புரட்டினேன். எண்ணிக்கையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வளைவைப் பற்றி நாலு பக்கம்.

எங்கள் கூட்டங்களில் நடந்தது இதுதான்: தீர்மானத்தை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள், வருகிற அம்மாமார் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துப் போவார்கள். இதை மாற்ற நான் பிடித்துக்கொண்டது நாலே பழக்கம். ஒன்று, கையெழுத்துக்கு முன் தீர்மானத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்வது. தலைவி வாசிக்கத் தயங்கினால் பக்கத்தில் இருப்பவர் வாசிக்கலாம். அடுத்தது, கடைசித் தீர்மானத்துக்கும் முதல் கையெழுத்துக்கும் நடுவில் வெற்று வரி இருந்தால் அதைக் கோடு போட்டு அடைப்பது. ஒப்புக்கொள்ளாத தீர்மானம் என்றால், கையெழுத்துக்குப் பக்கத்தில் 'தீர்மானம் எண் 3-க்கு உடன்பாடில்லை' என்று எழுதிவிடுவது; கோபித்துக்கொண்டு கையெழுத்துப் போடாமல் எழுந்து போனால் நீங்கள் வரவே இல்லை என்றுதான் பதிவாகும். கடைசியாக, முடிந்த கையோடு பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்வது. தீர்மானங்கள் பெற்றோர் செயலியிலும் ஏறுகின்றன. புத்தகத்தில் இருப்பதும் அதில் இருப்பதும் ஒன்றுதானா என்று அடுத்த கூட்டத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். இதைச் செய்ய ஆரம்பித்த முதல் மாதம் என்னோடு பேச்சை நிறுத்தியவர்கள் உண்டு. "மதினி, உங்களுக்கு என்ன ஊரோட பகை?" என்று சொந்தக்காரப் பெண்ணே கேட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். ஆனால் மூன்றாவது மாதம் அவளே எழுந்து, "வாசிங்க, கேட்டுட்டுப் போடுறோம்" என்றாள்.

நேரமும் ஒரு சிக்கல். மாதக் கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகல். பாசி எடுக்கப் போகிற பெண்கள் நீர் வற்றுகிற நாட்களில் விடியற்காலையில் போனால் மதியம் தாண்டித்தான் கரை ஏறுவார்கள். கருவாடு காயப்போடுகிறவர்கள் வெயில் இருக்கும் வரை நகர முடியாது. ஆகவே குழுவில் பெயர் இருந்தும் வராத தாய்மார் யார் என்று பார்த்தால் தொழிலுக்குப் போகிறவர்கள்தான். வருகிறவர்கள் வசதி உள்ள வீட்டார். குழுவின் திசை மாறுவது இங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். கூட்ட நாளை நாம் மாற்ற முடியாமல் போகலாம். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் கரையில் வலை பொத்துகிற இடத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்து, நாளைக்கு என்ன பேசப்போகிறோம், உங்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு போகலாம். அதைத்தான் இப்போது செய்கிறேன். முதல் நாளே வந்த புகார்: பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குக் கதவு இல்லை. குழுவில் ஒன்றேகால் வருஷம் இருந்த எனக்கு அது தெரியாது.

கழிப்பறை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடலோரப் பள்ளிகளில் பணம் திரும்பத் திரும்ப வீணாகிற இடம் இது. இரும்புக் கதவு உப்புக் காற்றில் சில வருஷத்தில் அடிப்பக்கம் அரித்துக் கீலோடு விழுந்துவிடும். எங்கள் பள்ளியில் இரண்டு தடவை இரும்பிலேயே மாற்றியிருக்கிறார்கள். பிவிசி கதவு, துருப்பிடிக்காத எஃகுக் கீல், பிளாஸ்டிக் குழாய், பிளாஸ்டிக் திருகு. இதைத் தீர்மானத்திலேயே எழுதிவிட வேண்டும், 'கதவு மாற்றுதல்' என்று மட்டும் எழுதினால் மறுபடி இரும்புதான் வரும். தண்ணீருக்கும் கணக்கு உண்டு. பகல் நேரப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு நாளைக்கு 45 லிட்டர் என்பது இந்தியத் தர நிர்ணயம். 58 பிள்ளைக்கு 2,610 லிட்டர். எங்கள் மொட்டைமாடியில் இருந்தது 500 லிட்டர் தொட்டி. பதினொரு மணிக்குக் காலியாகிவிடும், அதன் பிறகு பெண் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடும். இந்தச் செலவுக்கு வளைவு நன்கொடை தேவையே இல்லை. ஒருங்கிணைந்த பள்ளி மானியத்தின் அளவு 30-க்கு மேல் 100 வரை பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். அந்தப் பணம் வந்ததா, எப்போது, எந்தக் கடை ரசீதுக்குப் போனது என்று கேட்பதுதான் குழுவின் வேலை.

கூரை இன்னொன்று. வகுப்பறை மேல்தளத்தில் காரை பெயர்ந்தபோது சிமென்ட் பூசி வெள்ளையடித்தார்கள். ஆறு மாதத்தில் அதே இடம் மறுபடி விழுந்தது. உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருக்கிறது, அது காரையை வெளியே தள்ளுகிறது. மேலே என்ன பூசினாலும் நிற்காது. தளர்ந்த காரையை முழுக்கக் கொத்தி எடுத்து, கம்பியில் துருவைச் சுரண்டி, எத்தனை கம்பி மெலிந்திருக்கிறது என்று பொறியாளர் பார்த்த பிறகுதான் பழுது பார்ப்பதா, இடிப்பதா என்று முடிவு செய்ய முடியும். கட்டடம் ஊராட்சி ஒன்றியத்தின் சொத்து. ஆகவே கடிதம் வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் போக வேண்டும், நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கு. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகும் ஒரு குழு கூரையை விட்டுவிட்டு வாசலுக்கு அலங்காரம் செய்கிறது என்றால் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆசிரியர் போன பிறகு வகுப்பு எப்படி நடந்தது என்றால், ஒன்று முதல் மூன்று வரை ஒருவர், நாலும் ஐந்தும் தலைமை ஆசிரியர். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நடக்கிற 'எண்ணும் எழுத்தும்' என்கிற கற்பித்தல் முறையில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை வாரியாகப் பிரித்து உட்கார வைப்பதால் மூன்று வகுப்பைச் சேர்த்து நடத்த முடிகிறது. ஆனால் இரண்டு பேரில் ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் வேலைக்கோ போனால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் இந்த மூன்றுக்கும் ஆசிரியரை அனுப்பச் சட்டத்தின் 27-ஆம் பிரிவே இடம் தருகிறது, தடுக்க முடியாது. அதற்குப் புறம்பான வேலைக்கு அனுப்பினால் குழு ஆட்சேபணை தெரிவித்துத் தீர்மானம் போடலாம். பெற்றோர் ஒரு கேள்வி கேட்கப் பழகிக்கொள்ளுங்கள்: என் பிள்ளை அரும்பா, மொட்டா, மலரா? மூன்று மாதம் கழித்து அதே கேள்வியை மறுபடி கேளுங்கள்.

இனி நான் பணத்தையும் நாளையும் தொலைத்த கதை. ஆசிரியரை மீட்கிறேன் என்று செப்டம்பரிலிருந்து ராமநாதபுரத்துக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கும் அலைந்தேன். போக்குவரத்து, ஜெராக்ஸ், தபால் எல்லாம் சேர்த்து 4,300 ரூபாய். 19 நாள் வேலை போனது. நாளைக்கு 600 என்று வைத்தாலும் 11,400. அதில் முக்கால் பாகம் என் அறியாமைக்குக் கொடுத்த விலை. முதலில் நேரே மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுத்தீர்களா என்று கேட்டார்கள், இல்லை. ஐந்து நாள் அதிலேயே போயிற்று. பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். 'ஏன் ஆசிரியரை மாற்றினீர்கள்? எங்கள் பிள்ளைகள் கதி என்ன?' என்று எழுதியிருந்தேன். காரணம் கேட்கும் கேள்வி தகவல் என்ற வரையறைக்குள் வராது என்று 28-ஆம் நாள் பதில் வந்தது.

இரண்டாவது மனுவில் ஆவணங்களை மட்டும் கேட்டேன்: ஆகஸ்ட் 1 நிலவரப்படியான பணியாளர் நிர்ணய அறிக்கையின் நகல், வகுப்பு வாரியான எண்ணிக்கை, வேறு பள்ளிகளிலிருந்தோ வேறு பள்ளிகளுக்கோ மாற்றுப் பணியில் அனுப்பிய ஆணைகளின் நகல், மூன்றாண்டு மானிய வரவு செலவு மற்றும் ரசீதுகள். பெறுநர் 'பொதுத் தகவல் அலுவலர், வட்டாரக் கல்வி அலுவலகம்'. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்ட வேண்டும். அலுவலகம் மாறிப் போய்விட்டாலும் ஐந்து நாளைக்குள் உரிய இடத்துக்கு அனுப்பச் சட்டம் சொல்கிறது. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளைக்குள் முதல் மேல்முறையீடு. காலம் கடந்து கொடுக்கிற நகலுக்குக் கட்டணம் கிடையாது. நகல் கேட்காமல் 'ஆவணங்களைப் பார்வையிட அனுமதி' என்றும் கேட்கலாம், முதல் ஒரு மணி நேரம் இலவசம். எனக்கு நகல்கள் கிடைத்தன. அவற்றைப் படித்தபோதுதான் 58 என்ற எண்ணைக் கண்ணால் பார்த்தேன். யாரையும் குறை சொல்ல அதில் இடமில்லை. மூன்று பேர் கூடுதலாக இருந்திருந்தால் போதும்.

அந்த ஆண்டுக்கு இனி எதுவும் நடக்காது என்று அப்போது புரிந்தது. ஆனாலும் அதன் பிறகு வந்த கிராம சபையில் தீர்மானம் கொண்டுவந்தோம்: தற்காலிகமாக மாற்றுப் பணியில் ஓர் ஆசிரியர் வேண்டும் என்று. கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. பள்ளிக் குழுத் தீர்மான நகலை அதோடு இணைத்து, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து மனு எண் வாங்கினோம். இரண்டும் சேர்ந்ததால் கவனித்தார்கள் என்று நினைக்கிறேன். ஜனவரியிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் ஓர் ஆசிரியர் வந்தார். முழு ஆசிரியர் ஆகாது, ஆனால் பிள்ளைகளுக்கு மூச்சு விட முடிந்தது.

இந்த ஆண்டுச் சேர்க்கையை மார்ச்சிலேயே கையில் எடுத்தோம். அங்கன்வாடி ஊழியரிடம் ஜூலை 31-க்குள் ஐந்து வயது முடிகிற பிள்ளைகளின் பட்டியல் வாங்கினோம், 14 பேர். ஒவ்வொரு வீட்டுக்கும் குழுவிலிருந்து இரண்டு பெண்கள் போனார்கள். தனியார் பள்ளிக்கு அனுப்பப்போகிறவர்களிடம் வாதம் செய்யவில்லை, என்ன குறை என்று மட்டும் கேட்டோம். ஆங்கிலம் என்று சொல்வார்கள் என எதிர்பார்த்தேன். அதிகம் பேர் சொன்னது கழிப்பறையும் கூரையும்தான். ஒரு அம்மா, "டீச்சர் நல்லா சொல்லிக்குடுப்பாங்க அக்கா, ஆனா என் புள்ள மத்தியானம் வரைக்கும் ஒண்ணுக்கு அடக்கிக்கிட்டு இருக்கா" என்றாள். பிவிசி கதவு போட்ட அன்று அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். பிறப்புச் சான்றிதழ் இல்லை, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்று தயங்கியவர்களுக்கு, அந்தக் காரணங்களுக்காகச் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்று சட்டமே சொல்வதை எடுத்துச் சொன்னோம். காமன் பூலில் யார் இருக்கிறார்கள் என்று மாதம் ஒரு தடவை தலைமை ஆசிரியரிடம் கேட்டுத் தீர்மானத்தில் எழுதுகிறோம். ஒரு எச்சரிக்கை: வராத பிள்ளையை வந்ததாகப் பதிவேட்டில் வைத்திருக்கச் சொல்லி ஆசிரியரை நெருக்காதீர்கள். அது பொய்க் கணக்கு, மாட்டுவது அவர்தான். பிள்ளையை உண்மையாகவே வகுப்பில் உட்கார வைப்பதுதான் நம் பாடு.

குழுவைப் பற்றிய என் கவலை இன்னும் தீரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வந்திருக்கிற யோசனை பெரிய திரையும் ஒலிபெருக்கியும். கூரை அப்படியேதான் இருக்கிறது. ஒன்றியப் பொறியாளர் பார்த்துவிட்டுப் போனார், மதிப்பீடு வரவில்லை. மதிப்பீடு வரும் வரை அந்த அறையில் வகுப்பு நடத்தக்கூடாது என்று ஒரு தீர்மானத்தை எழுதி வைத்திருக்கிறேன். திரைக்கு முன்னால் அதை வாசிக்கச் சொல்லப் போகிறேன்.

இன்றைய தேதிக்கு எண்ணிக்கை 62. வடகடலுக்குக் கிளம்புகிற வீடுகள் இரண்டு, பிள்ளைகள் மூன்று. ஒரு வீட்டில் பாட்டி இங்கேயே இருந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். இன்னொரு வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இரண்டு பிள்ளைகளையும் எங்கள் தெருவில் மாறி மாறி வைத்துக்கொள்கிறோம் என்று பேசியிருக்கிறோம். காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் பள்ளியிலேயே கிடைக்கிறது, ராத்திரிக்குத்தான் ஏற்பாடு. அவர்கள் அப்பா நாளை மறுநாள் வல்லம் ஏற்றுகிறார். அதற்குள் போய் இன்னொரு தடவை பேசிவிட்டு வர வேண்டும்.